தோற்ற ஆட்டத்தை வைத்து என்ன செய்வது? – செஸ் கேள்வி பதில்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துப் பிள்ளைகளும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகள் இவை. வென்ற ஆட்டத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை, அது நல்லது.

கல்லடி: சேர், ஆட்டம் முடிந்ததும் போனில் போட்டு, செஸ் ஆடும் கணினி நிரலான எஞ்சினைக் கேட்கிறேன். பிழையை உடனே காட்டிவிடுகிறது. அது போதாதா?

போதாது, தம்பி. எந்த நகர்த்தல் பிழை என்று எஞ்சின் சொல்லும். அதை ஏன் ஆடினீர்கள் என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். அதுவும் ஓரிரு நாளில் மறந்துபோகும். ஆகவே முதலில் நகர்த்தல்களை எழுதிய ஸ்கோர் சீட்டை எடுத்து, முக்கியமான இடங்களுக்குப் பக்கத்தில் அந்த நேரம் நினைத்ததை எழுதுங்கள். "குதிரையை வெட்டுவான் என்று பயந்தேன்", "மணிக்கூட்டைப் பார்க்கவில்லை", இப்படி. எதிராளிக்குச் சம்மதம் என்றால் மண்டபத்துக்கு வெளியே வந்து கொஞ்சம் பேசுங்கள். (உள்ளே வேண்டாம், நடுவரான ஆர்பிட்டர் ஏசுவார்.) நீங்கள் கணக்கிலேயே எடுக்காத ஒரு நகர்த்தலுக்கு அவர் நடுங்கிக்கொண்டு இருந்திருப்பார். எஞ்சின் கடைசியில்தான்.

காத்தான்குடி: எஞ்சின் +1.8, −0.4 என்று காட்டும் எண்களை எப்படி வாசிப்பது?

ஒரு சிப்பாயின் பெறுமதிதான் அளவுகோல். கூட்டல் என்றால் வெள்ளைக்கு நல்லது, கழித்தல் என்றால் கறுப்புக்கு. 0.3 கூடிக் குறைவதற்கெல்லாம் மண்டையை உடைக்காதீர்கள். எண் முதன்முதலில் பெரிதாகச் சரிந்த இடத்தில் நிறுத்தி, எஞ்சினை மூடிவிட்டு, சரியான நகர்த்தலை நீங்களே தேடுங்கள். லிசெஸ் என்ற இணையதளத்தில் ஸ்டாக்ஃபிஷ் என்ற எஞ்சின் இலவசமாகவே கிடைக்கிறது, காசு கட்டத் தேவையில்லை.

களுவாஞ்சிக்குடி, ஒரு தாய்: மகள் தரம் 8. தோற்றால் அழுகிறாள், அந்த ஆட்டத்தைப் பார்க்கவே மாட்டேன் என்கிறாள்.

அழட்டும் அக்கா. கொழும்பில் இருந்து திரும்பும் இரவு ரயிலில் வைத்து "அந்த இடத்தில் ஏன் அப்படி ஆடினாய்" என்று நீங்களும் கேட்க வேண்டாம், தகப்பனும் கேட்க வேண்டாம். அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ, அவளுக்குப் பிடித்த ஒரு நகர்த்தலை அந்த ஆட்டத்திலிருந்து காட்டச் சொல்லுங்கள். மீதியை அவளே காட்டத் தொடங்குவாள்.

கல்முனை: நான் கறுப்பு. வெள்ளை குதிரையை ஜி5 கட்டத்துக்குக் கொண்டுவந்தான் (எழுத்து பலகையின் நிரல், எண் வெள்ளைப் பக்கத்திலிருந்து எண்ணும் வரிசை). டி5இல் சிப்பாயைத் தள்ளினேன், வெட்டினான், நான் குதிரையால் திருப்பி வெட்டினேன். அவன் எஃப்7இல் குதிரையைப் பலி கொடுத்தான். பிறகு என் ராஜா நடுப்பலகையில் அலைந்து செத்தது. ஓப்பனிங் படிக்காததுதான் காரணமா?

பாதிதான். நீங்கள் விழுந்தது 'ஃபிரைட் லிவர்' என்ற பழைய பொறி. குயின் எஃப்3க்கு வந்து செக் சொன்னதும், டி5 குதிரையைக் காப்பாற்ற ராஜாவே ஈ6க்கு ஏற வேண்டியதாகிவிடும். திருப்பி வெட்டாமல் மற்றக் குதிரையை ஏ5க்குக் கொண்டுபோய் சி4 பிஷப்பைத் தாக்குவதுதான் வழக்கமான பதில்; ஒரு சிப்பாய் போகும், பதிலுக்குக் காய்கள் வேகமாக வெளியே வரும்.

இதை மனப்பாடம் செய்து முடித்துவிடலாம். நான் கேட்பது வேறு: டி5இல் வெட்டுவதற்கு முன் எத்தனை நிமிடம் யோசித்தீர்கள்? "அவன் வெட்டினான், நானும் வெட்டினேன்" என்று கை தானாகப் போயிருந்தால், அதே பழக்கம் வேறு ஓப்பனிங்கிலும் உங்களைத் தோற்கடிக்கும். பழைய ஸ்கோர் சீட்டுகளை எடுத்து, யோசிக்காமல் திருப்பி வெட்டிய இடங்களை எல்லாம் குறியுங்கள்.

அக்கரைப்பற்று: சிப்பாய் ஒன்று குறைவு, இரண்டு பக்கமும் ஒவ்வொரு ரூக். டிராவாக வேண்டியதைத் தோற்றேன். ரூக்கைக் கடைசி வரிசையில் வைத்துக் காவல் காத்தது பிழையா?

பிழைதான். அவருடைய சிப்பாய் ஈ5இல், ராஜா டி5இல். உங்கள் ராஜா ஈ8இல் என்று எழுதியிருக்கிறீர்கள். 18ஆம் நூற்றாண்டில் பிலிடோர் என்ற பிரெஞ்சு ஆட்டக்காரர் காட்டிய தற்காப்பு இதற்கென்றே இருக்கிறது. ரூக்கை ஆறாவது வரிசையில் நிறுத்துங்கள், அவர் ராஜா முன்னால் வர முடியாது. சிப்பாய் ஈ6க்கு வந்தவுடன் ரூக்கை முதலாம் வரிசைக்கு இறக்கிப் பின்னாலிருந்து செக் கொடுத்துக்கொண்டே இருங்கள். சிப்பாய் முன்னேறிவிட்டதால் அவர் ராஜாவுக்கு ஒளிய இடமில்லை. எட்டாவது வரிசையில் சும்மா காவல் இருப்பது ஓரத்துச் சிப்பாய்க்குச் சரிவரும், நடுச் சிப்பாய்க்குச் சரிவராது. பலகையில் காய்களை வைத்து இரு பக்கமும் மாறி மாறி ஆடிப் பாருங்கள், ஒரு பின்னேரம் போதும்.

வாழைச்சேனை: குறைந்த நேர ஆட்டமான ரேபிட்டில் நகர்த்தல்களை எழுதுவதில்லை. பிறகு எப்படிப் பார்ப்பது?

அன்றிரவே ஞாபகம் உள்ளவரை எழுதுங்கள். முழுதாக வராவிட்டாலும் ஆட்டம் திரும்பிய இடம் வரும்.

திருக்கோவில்: எங்கள் ஊரில் கோச் இல்லை. தனியே பார்த்தால் சரியா?

1948இல் உலகச் சாம்பியனான பொட்வினிக், சொந்த ஆட்டங்களுக்கு விளக்கம் எழுதி அதை வெளியிடச் சொன்னவர். மற்றவர்கள் பிழை பிடிப்பார்களே, அதற்காக. நீங்கள் கொப்பியில் எழுதி, உங்களோடு ஆடுகிற ஒருவரிடம் கொடுங்கள். உங்களைவிடக் கொஞ்சம் பலவீனமானவர் என்றாலும் பரவாயில்லை, "இது ஏன்?" என்று கேட்டால் போதும்.

சம்மாந்துறை: என்னைவிட 200 புள்ளி குறைந்த ஒருவரிடம் தோற்றேன். வயது 15. எவ்வளவு ரேட்டிங் போகும்?

18 வயதுக்குக் கீழே, ரேட்டிங் 2300க்குக் கீழே என்றால், உலகச் செஸ் சம்மேளனமான பிடேயின் கணக்கில் கே எண் (ரேட்டிங் எவ்வளவு வேகமாக மாறும் என்பதன் அளவு) 40. வெற்றிக்கு 1 என்றால் உங்களிடம் எதிர்பார்த்தது 0.76, கிடைத்தது பூச்சியம்; அந்த வித்தியாசத்தை 40ஆல் பெருக்க வேண்டும். ஆக 30 புள்ளி அளவில் போகும். இந்தக் கணக்குக்கு ஒரு நிமிடம் ஆகிறது, மகன். அந்த ஆட்டத்தின் ஸ்கோர் சீட்டையும் அனுப்பியிருக்கலாமே?