அந்த 'டக்' சத்தம்: திருகு சுவிட்ச் பற்றி வாசகர்களின் கேள்விகள்

பழைய வீடுகளின் வயரிங் பற்றி எழுதிய கட்டுரையில், குமிழைத் திருப்பி விளக்கைப் போடும் திருகு சுவிட்சைப் பற்றி ஒரே ஒரு வரிதான் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதி அந்த ஒரு வரியைப் பற்றியவை. என் தொழில் வாழ்க்கையில் நான் முதன்முதலில் கழற்றிப் பார்த்த பொருளும் அதுதான் என்பதால் மகிழ்ச்சியோடு எழுதுகிறேன்.

கொழும்பு கொட்டாஞ்சேனையிலிருந்து: "அம்மப்பா காலத்து வீட்டைத் திருத்தும்போது வட்டமான சுவிட்ச் ஒன்று கிடைத்தது. அடி பீங்கான், மேலே பித்தளை மூடி, நடுவில் சாவி போல ஒரு குமிழ். வலப்பக்கம் திருப்பினால் முதலில் ஒன்றும் நடப்பதில்லை. பிறகு திடீரென்று 'டக்' என்று துள்ளுகிறது. உள்ளே என்னதான் இருக்கிறது, ஐயா?"

கம்பியிலிருந்து கழற்றிய பிறகுதான் திருப்பிப் பார்க்கிறீர்கள் என்று நம்புகிறேன். அப்படியென்றால் குமிழைக் கழற்றி, மூடியைத் தூக்கிப் பாருங்கள். மூடியின் உட்பக்கம் தடித்த காகிதம் போன்ற ஒரு பட்டை ஒட்டியிருக்கும். உள்ளே எழும் தீப்பொறி பித்தளையைத் தொடாமல் இருக்க வைத்தது அது. அதைக் கிழித்துவிட வேண்டாம்.

பீங்கான் அடித்தட்டில் இரண்டு பித்தளைக் கவ்விகள் எதிரெதிராக நிற்கும். நடுவில் ஒரு தண்டு. தண்டின் கீழ்ப்பகுதியில், இரண்டு கவ்விகளுக்கும் பாலம் போடும், கத்தி அலகு போன்ற நீளமான செப்புத் துண்டு. அதை அலகு என்றே சொல்வோம். இப்போது தண்டை உற்றுப் பாருங்கள். குமிழ் சுழற்றுவது தண்டை மட்டும்தான், அலகு தண்டோடு இறுகப் பொருத்தப்படவில்லை. இரண்டையும் இணைப்பது தண்டைச் சுற்றியுள்ள ஓர் உருக்குச் சுருள்வில். அதன் ஒரு முனை தண்டில், மறு முனை அலகில்.

நீங்கள் குமிழைத் திருப்பும்போது வில்தான் முறுகுகிறது. அலகு அசைவதில்லை, ஏனென்றால் நான்கு பற்கள் வெட்டிய ஒரு தகட்டில் சிறிய நாக்கு ஒன்று அதைப் பூட்டி வைத்திருக்கிறது. ஏறக்குறைய கால் சுற்று திருப்பியதும் தண்டிலுள்ள ஒரு மேடு அந்த நாக்கைத் தூக்கிவிடும். பூட்டு விட்டது, வில்லில் சேர்ந்திருந்த விசை முழுவதும் ஒரே கணத்தில் அலகின் மேல் பாயும். அலகு 90 பாகை பாய்ந்து அடுத்த பல்லில் முட்டி நிற்கும். நீங்கள் கேட்கும் 'டக்' அந்த முட்டல்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். குமிழ் ஒரே திசையில் சுற்றிக்கொண்டே போகும், அதில் குறி எதுவும் இல்லை. லைட் போட்டிருக்கிறதா இல்லையா என்று குமிழைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் சில சுவிட்சுகளின் மூடியில் ஒரு சிறு ஜன்னல் வைத்து, உள்ளே எழுத்துப் பொறித்த வட்டத்தகடு ஒன்று தெரியும்படி செய்தார்கள். அந்தத் தகட்டைக் குமிழோடு பொருத்தாமல் அலகோடு பொருத்தினார்கள். கை என்ன செய்தது என்பதைக் காட்டாமல், தொடுகை (மின்சாரம் கடக்க ஒன்றையொன்று தொடும் உலோக முனை) எங்கே நிற்கிறது என்பதைக் காட்டும் ஏற்பாடு. இதை முதலில் பார்த்த நாளில் அதைச் செய்த தொழிலாளியின் மேல் எனக்கு வந்த மரியாதை இன்றும் குறையவில்லை.

அதே வாசகர்: "நன்றாக வேலை செய்கிறது. வரவேற்பறையில் பொருத்தலாமா?"

230 வோல்ற்றில் வேண்டாம். பித்தளை மூடிக்கு ஏர்த் கம்பி கிடையாது. உள்ளே ஒரு கம்பி நழுவி மூடியைத் தொட்டால், அடுத்து தொடுவது உங்கள் விரல். ஆசைக்கு வைத்துக்கொள்ள வேண்டுமானால் 12 வோல்ற்று எல்ஈடி விளக்கு ஒன்றுக்கு இணைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சத்தத்தைத் தினமும் கேட்கலாம்.

தெஹிவளையிலிருந்து: "சுவிட்சை மெதுவாக, பதமாகப் போட்டால்தான் நீண்ட காலம் உழைக்கும் என்று அப்பா சொல்வார். சரியா?"

அப்பா கதவுக்குச் சொன்னது சரி. சுவிட்சுக்கு அது நேர்மாறு.

மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது இரண்டு உலோகங்களைப் பிரித்தால், கடைசியாகத் தொட்டுக்கொண்டிருக்கும் புள்ளி மிகவும் சிறியதாகிவிடும். மின்னோட்டம் முழுவதும் அந்தப் புள்ளி வழியே நெருக்கியடித்துப் போவதால் உலோகம் உருகி ஆவியாகும். அந்த ஆவி வழியே மின்சாரம் தொடர்ந்து பாயும். இதுதான் மின்வில். வெள்ளித் தொடுகைகளில் சுமார் 12 வோல்ற்றும் அரை அம்பியருக்குச் சற்றுக் குறைவான மின்னோட்டமும் இருந்தாலே மின்வில் நிலைத்து நிற்கும். பல ஆயிரம் பாகை வெப்பம். ஒவ்வொரு தடவையும் தொடுகையின் முகத்திலிருந்து ஒரு துளி உலோகத்தை அது தின்றுவிடும். மெதுவாகப் பிரித்தால் அதிக நேரம் தின்னும். அவ்வளவுதான் விஷயம்.

ஆரம்பகால சுவிட்சுகள் இப்படித்தான் எரிந்து போயின. கை எவ்வளவு சோம்பலாகத் திருப்பினாலும் தொடுகை தன் வேகத்தில் பிரிய வேண்டும் என்ற எண்ணத்தை 1884இல் செயலில் காட்டியவர் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்து ஜோன் ஹென்றி ஹோம்ஸ். இன்று நாம் தட்டும் சாதாரண சுவிட்சுக்குள்ளும் ஒரு சிறு வில் இருக்கிறது. அது நடுப்புள்ளியைத் தாண்டியதும் தானாகவே மறுபக்கம் சாய்ந்துவிடும். ஆகவே அழுத்துவதானால் முழுதாக அழுத்திவிடுங்கள். பிள்ளைகள் சுவிட்சை நடுவில் பிடித்து 'சிர்ர்' என்ற சத்தம் கேட்டு விளையாடுவார்கள். அதை மட்டும் உடனே நிறுத்துங்கள்.

வெள்ளவத்தையிலிருந்து ஒரு மாணவி: "உயர்தரத்தில் பொறியியல் தொழினுட்பவியல் படிக்கிறேன். செயற்றிட்டத்துக்கு இந்த ஆளியின் (சுவிட்சின்) மாதிரி ஒன்று செய்கிறேன். வில் எவ்வளவு வேகத்தைத் தருகிறது என்று கணக்கில் காட்ட முடியுமா, சேர்?"

முடியும் மகளே. இப்படி ஒருவர் கேட்க மாட்டாரா என்று காத்திருந்தேன்.

அலகின் திணிவு 20 கிராம், அது சராசரியாகத் தண்டிலிருந்து 16 மில்லிமீற்றர் தூரத்தில் இருப்பதாக எடுத்துக்கொள்வோம். சடத்துவத் திருப்பம் சுமார் 0.000005 கிலோகிராம் சதுரமீற்றர். வில் தரும் முறுக்கம் சராசரியாக 0.1 நியூற்றன் மீற்றர் என்று வை. கோண ஆர்முடுகல் செக்கனுக்குச் செக்கன் 20,000 ஆரையன். உராய்வை விட்டுவிட்டால் 90 பாகையை அலகு கடக்க 12 அல்லது 13 மில்லிசெக்கன் போதும்.

ஆனால் உன் செயற்றிட்டத்துக்குப் புள்ளி வாங்கித் தருவது அடுத்த படிதான். அலகு கவ்விக்குள் ஓரளவு தூரம் நுழைந்திருக்கிறது. பூட்டு விட்டதும் அது உடனே கவ்வியை விட்டுப் பிரிவதில்லை. முதல் 20 பாகை வரை கவ்விக்குள்ளேயே வழுக்கிக்கொண்டு ஓடுகிறது என்று வை. அந்த ஓட்டத்தில் அது வேகம் எடுத்துவிடுகிறது. பிரியும் கணத்தில் அதன் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 1.9 மீற்றர். 3 மில்லிமீற்றர் இடைவெளி உருவாக 1.5 மில்லிசெக்கன்தான் எடுக்கும்.

இப்போது வில்லை எடுத்துவிட்டு, அலகைத் தண்டோடு பொருத்தி, கையால் அரைச் செக்கனில் கால் சுற்று திருப்பிப் பார். அலகின் வேகம் செக்கனுக்கு 5 சென்ரிமீற்றர். அதே 3 மில்லிமீற்றருக்கு 60 மில்லிசெக்கன். நமது வீட்டுக்கு வரும் 50 ஹேர்ட்ஸ் ஏசி மின்சாரம் திசை மாறி மாறி ஓடுவதால் 10 மில்லிசெக்கனுக்கு ஒரு தடவை பூச்சியத்தைத் தொடுகிறது. கையால் திறந்தால் இடைவெளி முழுதாகும் முன் ஆறு தடவை பூச்சியம் வந்து போய்விடும். ஒவ்வொரு தடவையும் மின்வில் அணைந்து, இடைவெளி போதாமல் மறுபடி பற்றிக்கொள்ளலாம். சுருள்வில்லோடு திறந்தால் முதல் பூச்சியத்திலேயே கதை முடிந்துவிடும்.

பாலம் போன்ற அலகு இரண்டு முனைகளிலும் ஒரே நேரத்தில் பிரிகிறது என்பதையும் எழுது. இரண்டு இடைவெளிகள் தொடராக அமைவதால் மின்வில்லுக்கு இரட்டிப்பு வேலை. மாதிரிக்கு உடுப்புக் கிளிப்பின் வில்லே போதும், 3 வோல்ற்று பற்றரிக்கு மேல் போகாதே.

மருதானையிலிருந்து: "வீதி மின்சாரத்திலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்ற 1-0-2 என்று போட்ட சேஞ்ச்ஓவர் சுவிட்ச் வைத்திருக்கிறோம். 2022இல் வாங்கியது. இப்போது திருப்பும்போது கரகரவென்கிறது, கருகிய வாசமும் வருகிறது."

உடனே மாற்றுங்கள். கருகிய வாசம் வந்த பிறகு சுத்தம் செய்து பயனில்லை.

அந்த வருடம் மார்ச் கடைசியில் 13 மணித்தியால மின்வெட்டு வந்தபோது புறக்கோட்டையில் சேஞ்ச்ஓவர் சுவிட்சுக்காக ஆட்கள் கடை கடையாக ஏறி இறங்கியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்போது கிடைத்ததை வாங்கினோம். குமிழ் ஒரே மாதிரி, உள்ளே இருப்பது இரண்டு வகை. ஒன்றில் வில் பூட்டு இருக்கும், பாதியில் கையை எடுத்தாலும் தொடுகை பாதியில் நிற்காது. மற்றதில் குமிழின் தண்டே தொடுகையைத் தள்ளும், கை எவ்வளவு வேகமோ தொடுகையும் அவ்வளவு வேகம். இந்த இரண்டாம் வகையிலும் 'கிளிக்' சத்தம் கேட்கும். அது குமிழ் தன் பள்ளத்தில் உட்காரும் சத்தம் மட்டுமே. பலர் ஏமாறுவது இதில்தான்.

ஒரு மண்டபத்தில் இப்படி ஒன்றைக் கழற்றினேன். முழுச் சுமையும் ஓடும்போதே ஒவ்வொரு நாளும் மெல்லத் திருப்பியிருக்கிறார்கள். வெள்ளிப் பொட்டுகள் இருந்த இடத்தில் கரிக்குழிதான் மிச்சம். ஒரு பொட்டு எதிர்ப் பொட்டோடு ஒட்டி, பிளாஸ்டிக் கன்னம் உருகி வழிந்திருந்தது. நல்ல வேளை, அன்று யாரும் திருப்பவில்லை.

புதிதாக வாங்கும்போது பெட்டியில் ஏசி-23 என்ற வகைக்கான அம்பியரைத் தேடுங்கள். பிரிஜ், தண்ணீர் மோட்டர் போன்ற சுமைகளைத் தாங்கும் அளவு அதுதான். ஏசி-20 என்றால் சுமை இல்லாதபோது மட்டுமே திருப்பலாம். பெரிய எழுத்தில் 63 அம்பியர் என்று இருக்கும், ஏசி-23க்கு எதிரே அதைவிடக் குறைந்த எண் இருக்கும். சிறிய எண்ணைத்தான் நம்ப வேண்டும். லைவ், நியூட்ரல் இரண்டையும் மாற்றுவதாக வாங்குங்கள்.

திருப்பும் முறை: சுமைகளை முதலில் நிறுத்துங்கள், இரண்டும் துண்டிக்கப்பட்ட 0வுக்கு வாருங்கள், சற்றுப் பொறுங்கள், பிறகு ஜெனரேட்டர் பக்கமான 2. பிரிஜை மட்டும் சில நிமிடங்கள் கழித்துப் போடுங்கள்.

இரண்டு பக்கமும் பிளக் வைத்த வயரால் ஜெனரேட்டரைச் சுவர்ச் சொக்கற்றில் சொருகுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உங்கள் வீட்டு மின்சாரம் வீதிக் கம்பிக்குத் திரும்பிப் போகும். கம்பத்தில் ஏறி நிற்பவர் கம்பி செத்துவிட்டது என்று நினைத்துத்தான் கை வைப்பார். தயவுசெய்து வேண்டாம்.

பம்பலப்பிட்டியிலிருந்து: "கூரையில் சோலர் போட்டிருக்கிறோம். பெனலுக்கும், அதன் டிசியை வீட்டு ஏசியாக மாற்றும் இன்வேட்டருக்கும் இடையில் சிவப்புக் குமிழ் வைத்த டிசி ஐசொலேற்றர் (துண்டிக்கும் சுவிட்ச்) ஒன்று இருக்கிறது. வயரிங் பாஸ் அதற்குப் பதிலாகச் சாதாரண ஏசி சுவிட்சே போதும் என்கிறார்."

போதாது. உங்கள் பாஸ் நல்ல வேலைக்காரராக இருக்கலாம், இந்த ஒரு விஷயத்தில் அவர் சொல்வதைக் கேட்காதீர்கள்.

மேலே மாணவிக்குச் சொன்ன பூச்சியக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். டிசி மின்சாரம் ஒரே திசையில் ஓடுவது, பூச்சியத்தைத் தொடுவதே இல்லை. கூரையில் பெனல்களைத் தொடராக இணைத்தால் சில நூறு வோல்ற்று வரும், வெயில் அடிக்கும் வரை அது வந்துகொண்டே இருக்கும். மின்வில் தானாக அணைய ஒரு சந்தர்ப்பமும் கிடையாது. அதை இழுத்து நீட்டி, குளிரவைத்து, அறுக்க வேண்டும். ஏசி சுவிட்சைத் திறந்தால் உள்ளே மின்வில் நின்று எரிந்து பெட்டியையே உருக்கிவிடும்.

உங்கள் சிவப்புக் குமிழை இன்வேட்டரை நிறுத்திய பிறகு ஒரு தடவை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். முதலில் ஒன்றும் நடக்காது. பிறகு 'டக்'. கொட்டாஞ்சேனை வாசகரின் பீங்கான் சுவிட்சில் இருக்கும் அதே முறுக்கு வில், அதே பூட்டு. ஒரே தண்டில் பல அடுக்குகளை வைத்து, ஒரே நேரத்தில் நான்கைந்து இடங்களில் மின்வில்லைத் துண்டாக்குகிறார்கள். சோலர் டிசி மின்சாரத்தைத் துண்டிக்கும் வகையைக் காட்டும் டிசி-பிவி2 என்ற குறியும், உங்கள் பெனல் தொடரின் உச்ச வோல்ற்றுக்கு மேற்பட்ட அளவும் இருக்கிறதா என்று பாருங்கள். வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை, இன்வேட்டரை நிறுத்திவிட்டு, ஐந்தாறு முறை திருப்பிவிடுங்கள். தொடுகைகள் ஒன்றையொன்று தேய்த்துத் தம்மைத் தாமே துடைத்துக்கொள்ளும்.

மீண்டும் வெள்ளவத்தை: "மரைன் டிரைவ் பக்கம் வீடு. சுவிட்ச், பிளக் எல்லாம் பச்சையாகக் களிம்பு பிடிக்கிறது. தேங்காயெண்ணெய் விடலாமா?"

எந்த எண்ணெயும் தொடுகையில் விட வேண்டாம். மின்வில் எண்ணெயைக் கரியாக்கும், கரி மின்சாரத்தைக் கடத்தும். தேங்காயெண்ணெய் நாளடைவில் பிசினாகி வில்லையும் மந்தமாக்கும். கடல் உப்புக்குச் செய்யக்கூடியது காற்றை அடைப்பதுதான். பல்கனிப் பக்கம் ரப்பர் வளையம் வைத்த, தூசியும் நீர்த்தாரையும் புகாத ஐபி65 பெட்டிகள், கம்பி நுழையும் துளையை இறுக்கி அடைக்கச் சரியான கிளான்ட். கம்பி மேலிருந்து நுழைந்தால் மழைநீர் அதன் வழியே இறங்கும், கீழிருந்து ஏற்றச் சொல்லுங்கள்.

ஜம்பட்டா வீதியிலிருந்து: "பழைய திருகு சுவிட்சை இடப்பக்கம் திருப்பினேன். குமிழ் கையோடு வந்துவிட்டது. உடைத்துவிட்டேனா?"

இல்லை. பழைய வகைகளில் குமிழ் தண்டின் மேல் மரைபோல் திருகப்பட்டிருக்கும். வலப்பக்கம் திருப்பினால் இறுகும், இடப்பக்கம் திருப்பினால் கழன்று வரும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தண்டைத் தொடாதீர்கள். மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு, குமிழை வலப்பக்கமாகத் திருகி ஏற்றுங்கள். அது முழுதாக இறுகியதும் வில் முறுகத் தொடங்குவது விரலுக்கே தெரியும்.