மரத்த சுத்தி பேவர் பிளாக் போடறதுக்கு முன்னாடி

கேள்வி: வண்டி நிறுத்தறதுக்கு வீட்டு முன்னாடி பேவர் பிளாக் போடலாம்னு இருக்கோம். அங்க 30 வருஷத்துக்கு மேல ஆன பெரிய மரம் ஒண்ணு நிக்குது, அத இழக்க மனசில்ல. தண்ணி எறங்கற மாதிரி பிளாக் போடலாம், கூடவே வேர் தடுப்பு ஷீட்டும் பதிச்சிடலாம், மரத்துக்கு ஒண்ணும் ஆகாதுங்கறாரு காண்ட்ராக்டர். ரெண்டும் வெல ஜாஸ்தி. வாங்கலாமா?

பதில்: நல்லவேள, காசு குடுக்கறதுக்கு முன்னாடியே கேட்டீங்க. மொதல்ல அவர்கிட்ட எவ்ளோ ஆழம் தோண்டுவீங்கன்னு கேளுங்க, ஏன்னா எந்த பிளாக் போட்டாலும் மரத்துக்கு அடி விழறது அங்கதான். வேர் எல்லாம் நேரா கீழ போகும்னு நெனச்சிட்டு இருக்கோம், ஆனா பெரிய மரத்தோட வேர்ல பெரும்பகுதி மேல 60 செ.மீ. மண்ணுக்குள்ளயே பக்கவாட்டுல ஓடும், தண்ணி உறிஞ்சற மெல்லிசு வேர் இன்னும் மேலயே இருக்கும், கிளை நிழலையும் தாண்டி போயிருக்கும். அதுல 30 செ.மீ. தோண்டி ஜல்லி கொட்டி ரோலர் விட்டா மெல்லிசு வேர் முக்காவாசி போச்சு, மிச்ச மண்ணும் இறுகிப்போய் காத்து புகாம மீதி வேரும் மூச்சு முட்டி சாகும்.

ஒரு டேப் எடுத்து தரையிலேர்ந்து 1.4 மீட்டர் உயரத்துல மரத்தோட சுத்தளவ அளந்து பாருங்க. 157 செ.மீ. வந்துச்சுன்னா விட்டம் 50, அதுல 12 மடங்கு, அதாவது தூர்லேர்ந்து சுத்தி 6 மீட்டருக்கு தோண்டாம இருக்கறதுதான் சரி. அவ்ளோ எடம் பல வீட்ல இருக்காது, தெரியும். ஆனா விட்டத்துல 3 மடங்கு, இந்த கணக்குல ஒன்றரை மீட்டர், அதுக்குள்ள மட்டும் யார் சொன்னாலும் வேர்ல கை வைக்க விடாதீங்க, மரம் நிக்கறதே அந்த வேர நம்பித்தான், வெட்டினா பெருங்காத்துல வீட்டு மேலயே சாயலாம்.

ஷீட் வேணாங்க. புதுசா கன்னு நடும்போது பதிச்சா சரி, வளந்த மரத்துக்கு அத எறக்க பள்ளம் எடுக்கணும், அந்த பள்ளமே வேர வெட்டிடும். தண்ணி எறங்கற பிளாக் நல்ல பொருள்தான், ஆனா அடியில வழக்கம்போல தோண்டி இறுக்கிட்டு மேல மட்டும் அத போட்டா குடுத்த காசு வீண். ஷீட்டுக்கு வச்ச பணத்துல ஜியோசெல் வாங்குங்க, தேன்கூடு மாதிரி விரியற பிளாஸ்டிக் வலை அது. புல்ல மட்டும் கையால செதுக்கிட்டு, தண்ணி விடற ஜியோ டெக்ஸ்டைல் துணி விரிச்சு, அது மேல வலைய விரிச்சு தூசி இல்லாத ஜல்லிய நிரப்பி, அப்பறம் அந்த தண்ணி எறங்கற பிளாக். வண்டி பாரம் பரவிடும், மண்ணு அவ்ளோவா இறுகாது. தரை கொஞ்சம் ஒசரும், அதனால கேட்டு தட்டுமான்னு முன்னாடியே பாத்துக்கோங்க, தூர ஒட்டி மட்டும் எதையும் கொட்டவே கூடாது.

இன்னொண்ணு, வேல ஆரம்பிக்கற அன்னிக்கே மரத்த சுத்தி தடுப்பு கட்டிடுங்க. இல்லன்னா மணல் குவியல் அங்கதான் விழும், கலவ மெஷின கழுவின தண்ணியும் அங்கதான் போகும், சிமெண்ட் தண்ணியோட காரம் வேருக்கு ஆகவே ஆகாது. இதையெல்லாம் கொட்டேஷன்லயே எழுதி வாங்குங்க.

கேள்வி: நாங்க போன வருஷமே தூர் வரைக்கும் போட்டுட்டோம். மரம் பச்சையாத்தான் இருக்கு, தப்பிச்சிடுச்சுன்னு வச்சுக்கலாமா?

பதில்: இப்பவே சொல்ல முடியாது. வேர்ல பட்ட அடி மேல தெரிய மூணு நாலு வருஷம் கூட ஆகும், உச்சிக் கிளையோட நுனி காயுதா, எல சிறுத்து வருதான்னு பாத்துட்டே இருங்க. தூர ஒட்டி இருக்கற பிளாக்க எடுத்துடுங்க, கடப்பாரை போடாம கையால. நான் ஒரு தடவ அப்படி பெயர்த்தப்போ பிளாக்குக்கு அடியில இருந்த மணல்லயே தலைமுடி மாதிரி வேர் பின்னிக் கெடந்துச்சு, மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு. அந்த வேர வெயில் படாம உடனே ஈரச் சாக்கால மூடி, அன்னிக்கே மண்ணும், அது மேல 5 லேர்ந்து 10 செ.மீ. சருகும் போடுங்க, சருகு தூர தொடவேணாம். மழை இல்லாத நாள்ல நல்லா ஊற ஊற தண்ணி விடுங்க.