மேற்கு வாசலும் செம்புப் பிரமிடும்

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

அருமனைக்குப் பக்கத்தில் எங்களுக்குப் பன்னிரண்டு சென்ட் விளை இருக்கிறது. ரப்பரை முறித்துவிட்டு வீடு வைக்கப் போகிறோம். ரோடு மேற்கே, கிழக்கே பெரும் பள்ளம். வாஸ்து பார்க்க வந்தவர் மேற்கு வாசல் ஆகவே ஆகாது என்கிறார். வேறு வழியில்லை என்றால் ஒரு செம்புப் பிரமிடு வாங்கி வடக்கு பார்த்து மாட்ட வேண்டுமாம். அதையும் அவரே விற்கிறார். எகிப்தில் எல்லாப் பிரமிடும் காந்த வடக்கைப் பார்த்துதான் நிற்கிறது என்று ஆதாரம் சொல்கிறார். உண்மையில் பிரமிடு எந்தத் திசையைப் பார்க்கிறது, ஏன்? ‘திருவட்டாறு பெருமாளே மேற்கு பார்த்துத்தானே கிடக்கிறார்’ என்று அம்மா ஒரே பிடியாக நிற்கிறாள்.

ஒரு வாசகர், அருமனை

அன்புள்ள தம்பி,

அம்மா பிடித்திருப்பது சரியான பிடி. அதற்கு வருகிறேன். முதலில் எகிப்து.

கீசாவின் பெரிய பிரமிடுக்கு நான்கு பக்கம், நான்கும் நான்கு திசைக்கு நேர். கிறிஸ்துவுக்கு ஏறத்தாழ 2,560 ஆண்டுகளுக்கு முன் குஃபு மன்னனுக்காகக் கட்டியது. ஒரு பக்கம் 230 மீட்டர் நீளம். உண்மை வடக்கிலிருந்து அதன் விலகல் ஒரு டிகிரியில் 15 இல் ஒரு பங்குகூட இல்லை. அத்தனை நீளத்துக்கும் சேர்த்து ஒரு சாண் பிசகியிருக்கும், அவ்வளவுதான். காந்த முள் அவர்களிடம் இருந்ததற்குத் தடயமே இல்லை. இருந்திருந்தாலும் இந்தத் துல்லியம் வந்திராது. காந்த வடக்கு உண்மை வடக்கோடு ஒட்டி நிற்பதில்லை, காலத்துக்குக் காலம் நகரும். நம் குமரி மாவட்டத்திலேயே இன்று முள் ஒன்றிலிருந்து இரண்டு டிகிரி மேற்கே சாய்ந்துதான் நிற்கிறது. உங்கள் வாஸ்துக்காரர் கீசாவுக்குப் போய் மொபைலில் திசை பார்த்துக் கட்டியிருந்தால் பிரமிடு பல மீட்டர் கோணியிருக்கும்.

சரி, எது முகம்? நுழைவாயில் வடக்கில் இருக்கிறது. அங்கிருந்து கீழே சரிந்து இறங்கும் குகைவழிக்குள் நின்று திரும்பிப் பார்த்தால் வட வானத்தின் ஒரு துண்டு தெரியும். ஆனால் மன்னனுக்குப் படையல் வைத்த கோயில் கிழக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கிருந்து நைல் பக்கமாக ஒரு பாதை இறங்கியது. பக்கத்தில் படுத்திருக்கும் ஸ்பிங்ஸும் கிழக்கு பார்த்ததே. போகிறவனுக்கு வடக்கு, கும்பிட வருகிறவனுக்குக் கிழக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தக் கூட்டமும் நைலுக்கு மேற்குக் கரையில், சூரியன் விழும் பக்கம்.

மன்னன் ஏன் வடக்கே போக வேண்டும்? கீசா நிலநடுக்கோட்டிலிருந்து 30 டிகிரி வடக்கே இருக்கிறது. அங்கே வானத்தின் துருவப் புள்ளி அடிவானத்துக்கு 30 டிகிரி மேலே நிற்கும். அதைச் சுற்றியுள்ள விண்மீன்கள் இரவு முழுக்க வட்டமடிக்குமே தவிர அடிவானத்துக்குக் கீழே போகா. மறையாதவை, ஆகவே அழியாதவை என்று எகிப்தியர் எடுத்துக்கொண்டார்கள். செத்த மன்னன் அவற்றோடு போய்ச் சேர வேண்டும். பிற்காலப் பிரமிடுகளின் உட்சுவர்களில் இதை எழுதியே வைத்திருக்கிறார்கள்.

இப்போது உங்கள் விளையில் நின்று வடக்கே பாருங்கள். நாம் எட்டரை டிகிரியில் இருக்கிறோம். துருவ நட்சத்திரம் தென்னந்தலைப்புக்குப் பின்னால் எங்கோ கிடக்கும். நான் தெளிவாகப் பார்த்தது வடநாட்டில்தான். சப்தரிஷி மண்டலம்கூட நம் ஊரில் எழுந்து விழுகிற கூட்டம். அழியாமல் சுற்றுவது என்று காட்ட நம் வட வானத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. எகிப்தின் வடக்கைச் செம்பில் வார்த்துக் கொண்டுவந்து அருமனையில் மாட்டுவதில் என்ன பொருள் இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

நமக்கு வாய்த்தது சூரியன். அம்மா சொன்ன ஆதிகேசவப் பெருமாளையே எடுத்துக்கொள்ளுங்கள். புரட்டாசியிலும் பங்குனியிலும் 3 ஆம் தேதி முதல் 9 ஆம் தேதி வரை, அஸ்தமன வெயில் உள்ளே புகுந்து பெருமாள் மேல் விழும் என்பது வழிவழியாகச் சொல்வது. இரண்டு மாதத்திலும் அந்த ஏழு நாளின் நடுவில்தான் பகலும் இரவும் சமமாகும் நாள் வருகிறது: செப்டம்பர் 22 ஒட்டி ஒன்று, மார்ச் 20 ஒட்டி ஒன்று. அன்றைக்குத்தான் சூரியன் நேர் மேற்கில் விழும். அந்த நாட்களில் விழும் இடம் தினமும் அரை டிகிரிக்குச் சற்றுக் குறைவாக நகரும். ஏழு நாள் என்றால் ஏறத்தாழ மூன்று டிகிரி. வாசலின் அகலம் அனுமதிப்பது அவ்வளவு. கல்லை நிறுத்திய ஆசாரிக்குச் சுத்த மேற்கு எதுவென்று தெரிந்திருக்கிறது. திருவட்டாறு பெருமாள் மேற்கையும் திருவனந்தபுரத்தில் கிடப்பவர் கிழக்கையும் பார்த்து ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள் என்பார்கள். வரைபடத்தில் திருவனந்தபுரம் சற்று வடமேற்கே இருக்கிறது. பெருமாள்களுக்கு அது பொருட்டல்ல.

மேற்கு பார்ப்பது ஒன்றும் விதிவிலக்கல்ல. கம்போடியாவின் அங்கோர் வாட், அதுவும் விஷ்ணுவுக்குக் கட்டியது, மேற்கு பார்த்தது. காளஹஸ்தி ஈஸ்வரன் மேற்கு. மெக்ஸிகோவில் தியோத்திவாக்கனின் சூரியப் பிரமிடு மேற்கு பார்த்தாலும் நேர் மேற்கல்ல; ஊரே பதினைந்தரை டிகிரி திருகி நிற்கிறது. குறிப்பிட்ட நாட்களின் அஸ்தமனத்துக்கு ஏற்றபடி திருப்பியது என்பது ஆய்வாளர்கள் பலர் சொல்வது. நம் ஊர்ப் பள்ளிவாசல்களுக்கோ வானமே கணக்கில்லை. மக்கா இருக்கும் திக்கு, மேற்கிலிருந்து நன்றாக வடக்கே சாய்ந்து.

திசையைக் கண்டுபிடிக்கும் வழி, ஒரு கம்பு போதும். சமதரையில் நட்டு, அதைச் சுற்றி வட்டம் போடுங்கள். காலையில் நிழல் நீண்டு கிடக்கும். சுருங்கி வரும்போது அதன் நுனி வட்டத்தைத் தொடும் இடத்தில் ஒரு குற்றி. பிற்பகலில் நீண்டு வட்டத்தைத் தாண்டும் இடத்தில் இன்னொன்று. இரண்டையும் சரடால் இணைத்தால் அதுதான் மேற்கு கிழக்கு. நெடுநல்வாடையில் அரண்மனைக்கு மனை வகுக்கும்போது, இரு கோல் நட்டு, சூரியன் ஒரு பக்கமும் சாயாத நடுப்பகலில், ‘நூலறி புலவர் நுண்ணிதின் கயிறிட்டு’த் திசை கொள்கிறார்கள். குஃபுவின் ஆட்களும் இப்படி நிழலைப் பார்த்தார்களா, விண்மீன்களைப் பார்த்தார்களா என்பதில் இன்றும் சண்டை. 2000 இல் கேட் ஸ்பென்ஸ் என்ற ஆய்வாளர் துருவத்தின் இரு பக்கமும் நிற்கும் இரண்டு விண்மீன்கள் செங்குத்தாக வரும் கணத்தைப் பிடித்தார்கள் என்றார். கிளென் டேஷ் என்ற இன்னொருவர் சமநாளில் கம்பு நட்டே பார்த்து, அதே சிறு பிசகு, அதே பக்கமாக வருகிறது என்று காட்டினார். எனக்கு இரண்டாமவர் பக்கம்தான் சாய்வு. மணலும் வெயிலும் உள்ள ஊரில் முதலில் கண்ணில் படுவது நிழல்.

இனி உங்கள் வீடு. ரோடு மேற்கே, கிழக்கே பள்ளம் என்றால் வாசல் மேற்கேதான். அதில் உண்மையான தொந்தரவு ஒன்று உண்டு, வாஸ்துக்காரர் அதைச் சொல்லவே இல்லை: இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை. காற்றோடு சேர்ந்து நேரே திண்ணையில் அடிக்கும். பிற்பகல் வெயிலும் அந்தப் பக்கம்தான். பழைய ஓட்டு வீடுகளைப் போல முன்சாய்ப்பை நன்றாக நீட்டி, தாழ இறக்குங்கள். செம்புக்குக் கொடுக்கிற பணம் அதற்கு ஆகும். அப்புறம், குற்றி அடிக்கிற அன்று வாஸ்துக்காரர் மொபைலை எடுத்தால், இறக்கிவைத்த கம்பிக்கட்டை விட்டுத் தள்ளி நின்று பார்க்கச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்றால் முள் கம்பியைத்தான் பார்க்கும்.