காலையில் ஜிம், மாலையில் சிலம்பம், நடுவில் தோள் வலி: எதை விடுவது?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 24. எடை 64 கிலோ. சூளகிரி பக்கம் கிராமம். ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் மூன்று ஷிப்ட் வேலை. பள்ளி நாளிலிருந்தே சிலம்பம் ஆடுகிறேன். வாரம் ஆறு நாள், ஒன்றரை மணி நேரம். ஒரு வருடமாக ஜிம்முக்கும் போகிறேன், வாரம் ஐந்து நாள், ஒரு மணி நேரம். ஷிப்ட் மாறினால் நேரம் மாறுமே தவிர இரண்டையும் விடுவதில்லை. இரண்டு மாதமாக வலது தோளில் வலி. கம்பைத் தலைக்கு மேல் சுற்றினால் சுருக்கென்று குத்துகிறது. இரவில் வலப்பக்கம் படுக்க முடியவில்லை. “ஜிம்முக்குப் போனால் உடம்பு இறுகிவிடும், தண்டாலும் கர்லாக்கட்டையும் போதும்” என்கிறார் ஆசான். “வெயிட் தூக்காமல் பலம் எங்கிருந்து வரும், வலி வந்தால்தான் வளர்ச்சி” என்கிறார் ஜிம் மாஸ்டர். மூன்று மாதத்தில் மாவட்டப் போட்டி இருக்கிறது. எதை விடட்டும்? வலிக்கு ஊசி போட்டுக்கொண்டு ஆடலாமா?

பதில்: தம்பி, எதையும் முழுதாக விட வேண்டாம். ஜிம்மை வாரம் இரண்டு நாளாகக் குறையுங்கள். சிலம்பத்தை ஐந்து நாளாக்குங்கள், அதிலும் இரண்டு நாள் மட்டும் முழு வேகம். அடுத்த ஆறு வாரத்துக்குத் தலைக்கு மேல் எடை தூக்குவதை நிறுத்துங்கள். ஊசி விஷயத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

உங்கள் வாரத்தை ஒரு தாளில் எழுதி, வலது தோள் என்னென்ன செய்கிறது என்று பாருங்கள். பெரும்பாலான ஜிம்களில் இருக்கும் அட்டவணைதான் உங்களுக்கும் இருக்கும் என்று நினைக்கிறேன்: ஒரு நாள் நெஞ்சு, ஒரு நாள் முதுகு, ஒரு நாள் தோள், ஒரு நாள் கை, ஒரு நாள் கால். நெஞ்சு நாளில் பெஞ்ச் பிரஸ், தோள் நாளில் தலைக்கு மேல் பிரஸ், முதுகு நாளில் கம்பியைப் பிடரிக்குப் பின்னால் இழுப்பது. மூன்றிலும் தோள் மூட்டுக்கு வேலை. அப்புறம் மாலையில் தண்டால், கர்லாக்கட்டை, அதன்பின் ஒன்றரை மணி நேரம் கம்பு வீச்சு. வாரத்தில் ஒரு நாள்கூட அந்தத் தோளுக்கு ஓய்வு இல்லை.

தோள் மூட்டு உடம்பிலேயே அதிகம் சுழலக்கூடிய மூட்டு. அதற்கு விலையாக அதன் கிண்ணம் ஆழமில்லாதது. மேற்கை எலும்பின் உருண்டைத் தலையை அந்தக் கிண்ணத்தில் நிலைநிறுத்தி வைப்பவை நான்கு சிறிய சுழல் தசைகளும் அவற்றை எலும்போடு இணைக்கும் தசைநாண்களும். தசை ஓரிரு நாளில் தேறிவிடும். தசைநாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு, அது நிதானமாகத்தான் தேறும். அதனால்தான் கையில் பலம் ஏறிக்கொண்டிருக்கும்போதே தோளில் வலி தொடங்குகிறது.

கண்ணாடி முன் நின்று, கையை மடக்காமல் பக்கவாட்டில் மெதுவாக மேலே உயர்த்துங்கள். இடுப்பருகே வலி இல்லை, ஏறக்குறைய 60 டிகிரியில் தொடங்குகிறது, தோள் உயரத்தைத் தாண்டி 120 டிகிரி வரை குத்துகிறது, அதற்கு மேல் குறைந்துவிடுகிறது என்றால், சுழல் தசையின் தசைநாண் எரிச்சல் கண்டிருக்க வாய்ப்பு அதிகம். வலப்பக்கம் படுத்தால் வலிப்பதும் அதற்குப் பொருந்துகிறது. நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனாலும் உங்கள் வயதுக்கும் வேலைக்கும் முதலில் நினைக்க வேண்டியது அதுதான்.

ஆசான் சொன்னதற்கு வருகிறேன். எடை தூக்கிய மறுநாளும் அதற்கடுத்த நாளும் தசை இறுகி வலிப்பது உண்மை. அது 24 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம் வரை இருக்கும். அந்த நிலையில் நீங்கள் காலடி வைத்தால் கால் தாழாது, கம்பு தாமதமாக வரும். ஆசான் கண்ணுக்கு அது தெரிகிறது, அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அது நிரந்தர இறுக்கம் அல்ல. மூட்டு போகும் தூரம் முழுக்கப் போய் வரும்படி எடை தூக்கினால் வளையும் தன்மை குறையாது, கூடத்தான் செய்யும். பாதி ஸ்குவாட், பாதி பெஞ்ச் என்று அரைகுறையாகத் தூக்குபவர்களுக்குத்தான் இந்தச் சிக்கல்.

ஜிம் மாஸ்டர் சொன்னதில் முதல் பாதி சரி. வேகமும் அடியின் கனமும் வேண்டுமானால் அடிப்படைப் பலம் வேண்டும். தண்டாலும் பஸ்கியும் தொடக்கத்தில் அதைத் தரும். ஒரே மூச்சில் ஐம்பது எடுக்கும் நிலைக்கு வந்தபின் அவை தாக்குப்பிடிக்கும் திறனைத்தான் வளர்க்கும், பலத்தை அவ்வளவாக ஏற்றாது. “வலி வந்தால்தான் வளர்ச்சி” என்ற பாதியை மறந்துவிடுங்கள். தசை களைத்து வலிப்பது வேறு, மூட்டுக்குள் குத்துவது வேறு.

இரண்டு பயிற்சியையும் உச்சத்தில் வைத்தால் என்ன ஆகும் என்பதை 1980இலேயே ராபர்ட் ஹிக்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் சோதித்துப் பார்த்தார். ஒரு குழுவுக்குப் பலப் பயிற்சி மட்டும், இன்னொன்றுக்கு ஓட்டம், சைக்கிள் மட்டும், மூன்றாவது குழுவுக்கு இரண்டும் முழு அளவில். பத்து வாரச் சோதனை. ஏறக்குறைய ஏழாவது வாரம் வரை மூன்றாவது குழுவின் கால் பலமும் முதல் குழுவைப் போலவே ஏறியது. பிறகு நின்றது, கடைசி வாரங்களில் இறங்கவே தொடங்கியது. உடம்பு தேறுவதற்கு இருக்கும் வசதி ஒரே சம்பளம் மாதிரி. அதில் இரண்டு பெரிய தவணை கட்டினால் சில மாதம் ஓடும், அப்புறம் எங்காவது இடிக்கும். உங்களுக்குத் தோளில் இடித்திருக்கிறது.

சரி, எப்படிப் பிரிப்பது? திங்களும் வியாழனும் கடினமான நாட்கள். அன்று முழு வேக வீச்சு, எதிராளியைக் கம்பால் தொட்டுப் புள்ளி எடுக்கும் தொடுமுறை ஆட்டம் எல்லாம். அது முடிந்ததும் அதே நாளில் முக்கால் மணி நேரம் எடைப் பயிற்சி. நேரம் ஒத்துவராவிட்டால் ஆறு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள், சிலம்பம் முதலில் வரட்டும். நுணுக்கம் தேவைப்படும் வேலையைக் களைக்காத உடம்போடு செய்ய வேண்டும். களைத்த உடம்போடு ஆடினால் தவறான அடவு பழகிவிடும். செவ்வாய், வெள்ளி, சனி மூன்று நாளும் காலடி வரிசை, மெதுவான வீச்சு, பிழை திருத்தம். புதனும் ஞாயிறும் ஓய்வு. ஒரே நாளில் இரண்டு கடினமான வேலையையும் திணிக்கிறேனே என்று தோன்றும். மற்ற நாட்கள் உண்மையிலேயே லேசாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான். தினமும் முக்கால் பங்கு வேகத்தில் ஆடுவதுதான் இளைஞர்கள் எல்லாரும் செய்வது. அதில் வேகமும் வளராது, உடம்பும் தேறாது.

பயிற்சி முடிந்ததும் ஒரு நோட்டில் இரண்டு எண்களை எழுதுங்கள்: எத்தனை நிமிடம், பத்துக்கு எவ்வளவு கடினமாக இருந்தது. இரண்டையும் பெருக்குங்கள். சிலம்பம் 90 நிமிடம், கடினம் 7 என்றால் 630, ஆறு நாளுக்கு 3780. ஜிம் 60 நிமிடம், கடினம் 8 என்றால் 480, ஐந்து நாளுக்கு 2400. ஆக இப்போது உங்கள் வாரக் கணக்கு ஏறக்குறைய 6180. நான் சொன்ன முறையில் கடினமான சிலம்பம் (கடினம் 8) இரண்டு நாள் 1440, லேசான மூன்று நாள் (கடினம் 4) 1080, ஜிம் 45 நிமிடம் (கடினம் 7) இரண்டு நாள் 630, மொத்தம் 3150. ஏறக்குறைய பாதி. ஆறு வாரம் இதில் இருங்கள். வலி அடங்கினால் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றலாம். ஒரே வாரத்தில் பழைய கணக்குக்குத் தாவ வேண்டாம்.

ஜிம்மில் என்ன செய்வது என்பதை ஆசானையே கேட்டால்கூடச் சரியாகச் சொல்வார். அடி எங்கிருந்து புறப்படுகிறது? பாதத்தில் தொடங்கி இடுப்பு திரும்பி முதுகு வழியாகக் கைக்கு வருகிறது. ஆகவே ஸ்குவாட் அல்லது டெட்லிஃப்ட் ஒன்று, ஒரு காலை முன்வைத்து இறங்கும் லஞ்ச், முதுகுக்கு ரோயிங், கனமான டம்பெல்லைத் தொங்கவிட்டபடி நடப்பது. இவ்வளவு போதும். ஒவ்வொன்றும் மூன்று செட், செட்டுக்கு ஐந்து முறை. இன்னும் இரண்டு முறை தூக்க முடியும் என்ற நிலையிலேயே நிறுத்திவிடுங்கள். நெஞ்சுக்கு ஒரு நாள், கைக்கு ஒரு நாள் என்ற அட்டவணை கண்ணாடி முன் நிற்பவர்களுக்கானது, களத்தில் நிற்பவர்களுக்கு அல்ல. பெஞ்ச் பிரஸ் விட மனமில்லையென்றால் எடையைக் குறைத்து, முழங்கையை உடம்போடு 45 டிகிரி கோணத்துக்குக் கொண்டுவந்து செய்யுங்கள். முழங்கையைத் தோள் உயரத்துக்கு விரிப்பதுதான் உங்கள் தோளைக் கெடுக்கிறது. பிடரிக்குப் பின்னால் இழுப்பதை இனி எப்போதுமே வேண்டாம் என்பேன்.

கர்லாக்கட்டையை நான் குறை சொல்லமாட்டேன். சுழல் தசைகளுக்கு அதைப் போல வேலை தரும் கருவி ஜிம்மில் குறைவு. ஆனால் அதுவும் தோள் கணக்கில்தான் சேரும். இப்போதைக்கு இருப்பதிலேயே லேசான கட்டையை வாரம் இரண்டு நாள் மட்டும், வலிக்காத வட்டத்துக்குள் சுற்றுங்கள்.

தோளுக்கென்று ஒரு பயிற்சி. ஒரு துண்டை மடித்து முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவில் வையுங்கள். முழங்கையை 90 டிகிரி மடக்குங்கள். கதவுப் பிடியில் கட்டிய ரப்பர் பேண்டைப் பிடித்து, துண்டு விழாமல், முன்கையை வெளிப்பக்கம் திருப்புங்கள். திரும்ப வரும்போது மூன்று எண்ணும் அளவுக்கு மெதுவாக வாருங்கள். 15 முறை, மூன்று செட், ஒரு நாள் விட்டு ஒரு நாள். துண்டு விழுந்தால் பேண்டு கடினம் என்று அர்த்தம், லேசானதை எடுங்கள். வலி பத்துக்கு மூன்று வரை இருந்து மறுநாள் காலைக்குள் அடங்கினால் தொடரலாம். அதற்கு மேல் போனால் குறைத்துக்கொள்ளுங்கள். கம்பு வீச்சுக்கும் இதே அளவுகோல்தான். இடுப்புக்குக் கீழான வீச்சும் காலடியும் தாராளமாகச் செய்யலாம், தலைக்கு மேல் சுற்றுவதை மட்டும் பாதியாகக் குறையுங்கள்.

நைட் ஷிப்ட் வாரத்துக்குத் தனி ஏற்பாடு வேண்டும். விடிய விடிய நின்றுவிட்டு, கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக ஜிம்முக்குப் போவதைப் போலக் கெட்ட பழக்கம் வேறில்லை. முதலில் தூக்கம். ஜன்னலில் போர்வை கட்டியாவது ஏழு மணி நேரம் தூங்குங்கள். அந்த வாரம் எடைப் பயிற்சி ஒரே நாள், தொடுமுறை ஆட்டம் வேண்டாம்.

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துக்காரர் மூட்டுவலி என்று வந்தால் எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று கேட்காமல் நான் விடுவதில்லை. இங்கே பல ஊர்களில் போர்வெல் தண்ணீரில் ஃபுளூரைடு அதிகம். 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளூரைடு இருக்கும் தண்ணீரைப் பல வருடம் குடித்தால் கழுத்து, முதுகு, மூட்டுகள் இறுகும். உங்களுடைய ஒரு பக்கத் தோள் வலி அப்படித் தெரியவில்லை. ஆனால் பயிற்சி செய்பவர் மற்றவர்களைவிட அதிகம் குடிப்பவர். கொதிக்கவைத்தால் ஃபுளூரைடு போகாது, தண்ணீர் சுண்டுவதால் அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். குடிக்க ஒகேனக்கல் தண்ணீரையே பிடித்து வையுங்கள்.

சாப்பாடு பற்றி நீங்கள் கேட்கவில்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். உங்கள் எடைக்கும் பயிற்சிக்கும் ஒரு நாளைக்கு 100 கிராம் அளவுக்குப் புரதம் போதும். கேழ்வரகுக் களியில் சுண்ணாம்புச் சத்து ஏராளம், புரதம் குறைவு: 100 கிராம் மாவில் 7 கிராம்தான். களியோடு கொள்ளுக் குழம்பு, நான்கு முட்டை, ஒரு கைப்பிடி வேர்க்கடலை, பால், வாய்க்கும்போது கோழிக்கறி என்று சேர்த்தால் பவுடர் டப்பா தேவைப்படாது. ஜிம்மில் யாராவது “ஊசி போட்டால் களைப்பே தெரியாது” என்று கொடுத்தால் கையை நீட்டாதீர்கள். அப்படிப் புழங்கும் மெஃபென்டர்மின், அறுவை சிகிச்சை நேரத்தில் ரத்த அழுத்தம் இறங்கினால் ஏற்றுவதற்காக நாங்கள் பயன்படுத்தும் மருந்து. அது இதயத்தைக் காவு வாங்கும்.

கீழே விழுந்தோ அடிபட்டோ திடீரென்று கையைத் தூக்க முடியாமல் போனால், கழுத்திலிருந்து விரல் வரை மரத்துப்போனால், தோள் வீங்கிக் காய்ச்சல் வந்தால் காத்திருக்க வேண்டாம். கடும் பயிற்சிக்குப் பின் சிறுநீர் கோலா நிறத்தில் போனாலோ பயிற்சியின்போது நெஞ்சு இறுகினாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். இவை எதுவும் இல்லாமல் ஆறு வாரத்தில் வலி பாதிகூடக் குறையாவிட்டால், கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பு மருத்துவப் பிரிவில் காட்டி, தேவையென்றால் ஸ்கேன் எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி ஊசி. ஆடுவதற்கு முன் மெடிக்கலில் டைக்ளோபினாக் என்ற வலி ஊசியை வாங்கிப் போட்டுக்கொள்வது கூடாது. வலி என்ற எச்சரிக்கை மறைந்துவிடும், வெயிலில் வியர்த்துக்கொண்டே போடும்போது சிறுநீரகத்துக்கும் கேடு. மூட்டில் போடும் ஸ்டீராய்டு ஊசி வேறு வகை. மருத்துவர் பரிசோதித்துப் போட்டால் வலி சில வாரம் அடங்கும், ஆனால் அந்தச் சமயத்தில் தசைநாண் வலுக்குறைந்திருக்கும். போட்டிக்கு நாலு நாள் முன்னால் அதைப் போட்டுக்கொண்டு களத்தில் இறங்கினால் தசைநாண் கிழிய வாய்ப்பு உண்டு. உங்களுக்கு மூன்று மாதம் இருக்கிறது. எட்டாவது வார முடிவில் தலைக்கு மேல் சுற்று வலியில்லாமல் வந்தால் பெயர் கொடுங்கள். வராவிட்டால் இந்த முறை தொடுமுறையை விட்டுவிட்டு, ஆசானிடம் பேசி, தோளுக்கு வேலை குறைவான தனித்திறன் பிரிவில் இறங்க முடியுமா என்று பாருங்கள். போட்டிக்கு முந்தைய வாரம் ஜிம் ஒரே ஒரு நாள், அதுவும் வழக்கமான எடையில் பாதி.