தானியம் போட்டு மான் வளர்க்கும் அண்ணருக்கு

கேள்வி: கொடிகாமத்தில் ஆடு வளர்க்கிறேன். கனடா சஸ்கச்சுவானில் என் அண்ணருக்கு 160 ஏக்கர் காணி. அந்தப் பக்கத்து மான்களுக்கு மூளையைத் தாக்கும் நோய் இருக்கிறதாம். அவரோ பெரிய கொம்புக் கிடாய் வேட்டைக்காகத் தானியம் போட்டு மான் சேர்க்கிறார். சரியா? வரும்போது கொம்பும் காய்ந்த இறைச்சியும் கொண்டு வருவாராம். என் ஆடுகளுக்கு ஆபத்தா?

பதில்: தம்பி, முதலில் அண்ணருக்குப் போன் எடுத்து அந்தத் தானியத்தை நிறுத்தச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

அந்த நோயை சி.டபிள்யூ.டி என்பார்கள், நாட்பட்ட மெலிவு நோய் என்று பொருள். 1967இல் அமெரிக்காவின் கொலராடோவில் முதலில் கண்டது, சஸ்கச்சுவானில் 1996இல் எல்க் என்கிற பெரிய மான் வளர்க்கும் ஒரு பண்ணையில் பிடிபட்டு 2000இல் காட்டு மானிலும் தெரிய வந்தது. வைரசும் இல்லை, பக்டீரியாவும் இல்லை, பிரியோன் என்கிற உருமாறிய புரதம். ஊசியும் இல்லை, மருந்தும் இல்லை. தொற்றின மான் ஒரு வருசத்துக்கு மேலும் கொழுகொழுவென்றுதான் நிற்கும், மெலிவு, வாய்நீர், தொங்கின காது எல்லாம் கடைசிக் காலத்தில்தான், ஆனால் அதற்கு எவ்வளவோ முன்பே எச்சிலிலும் மூத்திரத்திலும் புழுக்கையிலும் பிரியோன் வெளியேறி மண்ணில் வருசக்கணக்கில் கிடக்கும்.

உங்கள் பட்டியையே பாருங்கள். பின்னேரம் தவிடும் பிண்ணாக்கும் வைத்த தொட்டியில் எல்லா ஆடும் முண்டியடித்துத் தின்று போன பிறகு, எச்சில் பளபளக்கும் விளிம்பை ஒரு குட்டி நின்று நக்கும். அண்ணரின் தானியக் குவியலும் அப்படித்தான், ஆனால் அது கழுவ முடியாத தொட்டி. உப்புக்கட்டியும் வைக்க வேண்டாம்.

பெரிய கொம்பு வேண்டுமென்றால் கிடாயை நாலைந்து வருசம் விட வேண்டும். வயது முதிர்ந்த கிடாயில்தான் இந்த நோய் அதிகம், பெண் மான்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு, இணை தேடித் தூரம் அலைவதும் அதுதான். ஆகவே நோய் உள்ள இடத்தில் முதலில் குறைக்க வேண்டியது அவர் காத்து வளர்க்கிற அதே கிடாய்களைத்தான், கூட்டமும் நெருக்கமாகப் பெருகக் கூடாது. அமெரிக்காவின் விஸ்கொன்சின், இலினோய் இரண்டு மாநிலத்திலும் 2002இல் நோய் கண்டது. விஸ்கொன்சின் சில வருசத்தில் மான்களைச் சுட்டுக் குறைப்பதில் கையைத் தளர்த்தியது, நோய் ஏறிக்கொண்டே போனது. இலினோய் நோய் கண்ட இடங்களில் விடாமல் சுட்டுக் குறைத்தது, அங்கே பல வருசம் நோய் தாழ்வாகவே நின்றது. சுடுவதால் நோய் ஒழியாது, வேகம் குறையும். அதுவே பெரிய காரியம்.

சுட்ட ஒவ்வொரு மானின் தலையையும் சோதனைக்குக் கொடுத்து, முடிவு வரும்வரை இறைச்சியைத் தனியே குளிரில் வைக்கச் சொல்லுங்கள். மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை உறுதியாகவில்லை, என்றாலும் நோய் இருந்தால் சாப்பிடக் கூடாது, எவ்வளவு கொதிக்க வைத்தாலும் பிரியோன் அழியாது. மூளை, முள்ளந்தண்டு, எலும்பு எதையும் வேறு இடத்துக்கு ஏற்றிப் போகவும் கூடாது.

இயற்கையாக இது மான் இனத்துக்குத்தான் வருகிறது, ஆடுகளை நினைத்துப் பயப்படாதீர்கள். என் கவலை வன்னிக் காட்டில் இருக்கிற புள்ளிமானும் மரையும்தான். கொம்பு, இறைச்சி இரண்டும் வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிடுங்கள். வேட்டைக்குப் போட்ட சப்பாத்தையும் அங்கேயே விட்டு வரட்டும், அந்தச் சேறு உங்கள் வளவுக்குள் வரக் கூடாது.