பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் கூரையை வெட்டித் தாழ்த்தி ஹாட் ராட் (வேகத்துக்கும் தோற்றத்துக்கும் வெட்டி மாற்றிய பழைய கார்) செய்ய முடியுமா? எந்த இடத்தில் கஷ்டம்?

தாராளமாகச் செய்யலாம். எல்லோரும் பயப்படுவது வெட்டுவதற்கு. பயப்பட வேண்டியது கண்ணாடிக்கு. இரும்பு அறுக்கும் கிரைண்டர் கையில் இருந்தால் கூரையை ஒரே பகலில் கழற்றித் தரையில் வைத்துவிடலாம். அதைத் திரும்ப உட்கார வைத்து, கதவுகள் ஒழுங்காக மூடி, மழை ஒழுகாமல் கண்ணாடி போடுவதற்குள் நாக்குத் தள்ளிவிடும்.

நான் இருப்பது லாஸ் ஏஞ்சலஸ் பக்கம். மெக்சிகோக்கார நண்பர் ஒருவர் தன் 1963 பீட்டிலை இப்படி மாற்றியபோது வெல்டிங் வேலைக்குக் கூட நின்றேன். மெக்சிகோவின் புவெப்லா ஆலையில் 2003 ஜூலை வரை இந்த வண்டி தயாரானது. அதனால் இந்த எஞ்சினைப் பிரிக்கத் தெரியாத மெக்கானிக்கே தன் ஊரில் கிடையாது என்று பெருமையடிப்பார். எஞ்சினை கியர்பாக்ஸோடு பிணைத்திருப்பது நாலே நாலு போல்ட் என்பதால் நானும் மறுத்துப் பேசியதில்லை.

ஹாட் ராட் மோகம் வளர்ந்ததும் இதே தெற்குக் கலிபோர்னியாவில்தான். 1930களில் இங்கிருந்த பையன்கள் பழைய ஃபோர்டுகளை முரோக், எல் மிராஜ் என்ற வறண்ட ஏரிப் படுகைகளுக்கு ஓட்டிப்போய் வேகம் பார்த்தார்கள். மட்கார்டைக் கழற்றியது எடை குறைய. கூரையைத் தாழ்த்தியது காற்று மோதும் பரப்பு குறைய. இரண்டுமே பிறகுதான் அழகாயின. அந்தக் கால ஃபோர்டில் கூரையைத் தாங்கும் தூண்கள் ஏறக்குறைய நேராக நிற்பவை. மூன்று அங்குலம் அறுத்து எடுத்தால் கூரை கிட்டத்தட்ட அதே இடத்தில் வந்து உட்காரும்.

பீட்டிலில் அது நடக்காது. கவிழ்த்து வைத்த பூந்தொட்டியின் நடுவில் ஒரு வளையத்தை அறுத்து எடுத்துவிட்டு மேல்பாதியைக் கீழே இறக்கிப் பாருங்கள். விளிம்புகள் சேராது, மேல்பாதி உள்ளே நழுவும். இங்கேயும் அதே கதைதான். முன்தூண் பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது, பின்பக்கம் முன்னோக்கிச் சரிகிறது, பக்கவாட்டுகளும் உள்நோக்கி வளைகின்றன. கூரையை இறக்கியதும் நாலு மூலையிலும் இடைவெளி. ஒன்று, கூரையையே நாலு துண்டாக்கி நடுவில் தகடு வைத்து நீளமும் அகலமும் கூட்ட வேண்டும். இல்லையென்றால் முன்தூணின் அடியை அறுத்து இன்னும் பின்னால் சாய்த்து, பின்கண்ணாடிச் சட்டத்தை முன்னால் படுக்க வைத்து, இருக்கிற கூரையையே சேர்த்துவிட வேண்டும். என் ஓட்டு இரண்டாவதற்கு. அகலமான மெல்லிய தகட்டில் நீளமாக வெல்டிங் போனால் சூட்டில் நெளிந்துவிடும். அப்புறம் பட்டி பூசி மறைப்பதுதான் வேலையாகிவிடும். கிலோக் கணக்கில் பட்டி சுமக்கும் வண்டிகளை இங்கே நிறையப் பார்க்கலாம், பெயின்ட் வெடிக்கும்வரை ஜோராகத்தான் இருக்கும்.

இனி கண்ணாடி. எத்தனை அங்குலம் இறக்குவது என்பதைக் கண்ணாடியிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். 1964 மாடல் வரை பீட்டிலின் முன்கண்ணாடி தட்டையானது. அடுத்த மாடலிலிருந்து லேசாக வளைந்துவிட்டது. முன்கண்ணாடி லேமினேட்டட் வகை, அதாவது இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிளாஸ்டிக் படலம். இரண்டு பக்கமும் கோடு கீறி, முறித்து, படலத்தை பிளேடால் அறுத்து, பொறுமையாகக் குறைக்கலாம். கதவுக் கண்ணாடிகள் டெம்பர்டு, அதாவது சூடேற்றிக் கடினமாக்கியவை. அவற்றை வெட்டவே முடியாது, முயன்றால் மொத்தமும் பொடிப்பொடியாக உதிரும். நல்லவேளையாக அவை தட்டை என்பதால் அட்டையில் அளவு வெட்டிக் கொடுத்து லேமினேட்டட்டில் புதிதாகச் செய்துகொள்ளலாம். பின்கண்ணாடி வளைந்ததும் டெம்பர்டும். அதில் கை வைக்க முடியாது. முழுசாகவே விட்டுச் சட்டத்தோடு படுக்க வைப்பதற்கு இதுதான் இன்னொரு காரணம். எங்கள் வண்டியில் மூன்று அங்குலத்தோடு நின்றோம். ஐந்து, ஆறு என்று போனவர்களின் வண்டிகள் படத்தில் மிரட்டும். ஓட்டுகிறவர் சிக்னல் விளக்கைப் பார்க்கத் தலையை ஸ்டியரிங்மேல் சாய்க்க வேண்டும்.

கிரைண்டரை எடுப்பதற்கு முன் கதவுக்குக் கீழே ஓடும் ஹீட்டர் சேனலைத் தட்டிப் பாருங்கள். பீட்டிலின் பாடி தனி, அடித்தளம் தனி. பாடியின் முதுகெலும்பு அந்தச் சேனல்தான். பழைய வண்டிகளில் முதலில் துருப்பிடிப்பதும் அதுவே. அது உளுத்திருக்கும்போது கூரையை எடுத்தால் பாடி நடுவில் தொய்ந்துவிடும், கதவு ஜென்மத்துக்கும் மூடாது. அதைச் சரிசெய்து, கதவுகளை மூடிய நிலையில் உள்ளே இரும்புக் குழாயால் குறுக்கும் நெடுக்குமாக முட்டுக் கொடுத்த பிறகே அறுக்க வேண்டும்.

மட்கார்டைக் கழற்றினால் முன் ஆக்சில் அம்மணமாகத் தெரியும். இரண்டு குழாய் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும் அந்த பீமைக் குறுக்கிச் சக்கரத்தை உள்ளே தள்ளுவது வழக்கம். பார்க்க அம்சமாக இருக்கும். ஆனால் அதோடு சக்கரத்தைத் திருப்பும் கம்பியான டை ராடும் குட்டையாகும். பள்ளத்தில் இறங்கி ஏறும்போது ஸ்டியரிங் தானாக வெட்டும். பீமை முன்னால் நீட்டினால் அதில் மாட்டியிருக்கும் ஸ்டியரிங் பாக்ஸும் கூடவே போகும், தண்டை நீட்ட வேண்டிவரும். பின்பக்கம் எனக்கு மிகவும் பிடித்த இடம். அங்கே ஸ்பிரிங்காக வேலை செய்வது டார்ஷன் பார் என்ற முறுக்குத் தண்டு. அதன் உள்முனையில் 40 பல், வெளிமுனையில் 44. உள்ளே ஒரு பல் நகர்த்தினால் 9 டிகிரி, வெளியே ஒரு பல் எதிர்த்திசையில் நகர்த்தினால் 8 டிகிரி 10 நிமிடம் (60 நிமிடம் ஒரு டிகிரி). மிஞ்சுவது ஒரு டிகிரிக்கும் குறைவு! புதிதாக ஒரு பாகமும் வாங்காமல் வண்டியின் உயரத்தை அவ்வளவு நுணுக்கமாக வைக்கலாம்.

எஞ்சின் மூடியைக் கழற்றிப் போடுங்கள், யாரும் கேட்கப்போவதில்லை. மழைக்கு கார்புரேட்டரையும் டிஸ்ட்ரிப்யூட்டரையும் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் எஞ்சினைச் சுற்றியுள்ள தகடுகளைக் கழற்றவே கூடாது. ஃபோர்டில் பானட்டின் பக்கத் தகடுகளை எடுத்தால் எஞ்சினுக்குக் காற்றோட்டம். அதைப் பார்த்து இங்கேயும் செய்தால் எஞ்சின் காலி. இதற்கு ரேடியேட்டர் கிடையாது. மேலே குளிர்ந்த காற்று, கீழே சூடான காற்று, இரண்டையும் பிரிக்கும் சுவர் அந்தத் தகடுகள்தான். 1963 எஞ்சினில் ஆயில் கூலர் ஃபேன் கூண்டுக்குள்ளேயே நிற்பதால் மூன்றாம் சிலிண்டருக்கு ஏற்கெனவே காற்று குறைவு. 1971 மாடலில்தான் கூலரைத் தள்ளி வைத்தார்கள். அந்தக் கூண்டு கிடைத்தால் மாட்டிவிடுங்கள். டைனமோவையும் ஃபேனையும் சுற்றுவது ஒரே பெல்ட், அது அறுந்தால் குளிர்காற்றும் நின்றுவிடும். ஓடும்போது சார்ஜ் விளக்கு எரிந்தால் வீடு வரை போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காமல் ஓரங்கட்டி நிறுத்துங்கள்.

சட்டம்: கலிபோர்னியாவில் 1975 வரையிலான பெட்ரோல் வண்டிகளுக்குப் புகைச் சோதனை இல்லை. 1971க்கு முன் தயாரித்துப் பதிவான, 1,500 பவுண்டுக்குக் குறைந்த வண்டிக்கு மட்கார்டு கட்டாயமும் இல்லை. பீட்டிலின் எடை அந்தக் கோட்டுக்குச் சற்று மேலே. நண்பர் பின்சீட்டைத் தியாகம் செய்துதான் கீழே கொண்டுவந்தார்.

தமிழ்நாட்டில் செய்யலாமா என்றால், கூரையை வெட்டுவதெல்லாம் நடக்காது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. மேலும் இந்தியாவில் மிஞ்சியிருக்கும் பீட்டில்கள் கொஞ்சம்தான். கலிபோர்னியாவிலேயே 1957 வரையிலான சிறிய பின்கண்ணாடி மாடல்களில் யாராவது கிரைண்டரை வைத்தால் சண்டைக்கு வருவார்கள், நானும் அந்தக் கூட்டத்தில் நிற்பேன். 1958க்கும் 1964க்கும் இடைப்பட்ட, பாதி துருவில் கிடக்கும் வண்டியாகப் பார்த்து வாங்குங்கள்.