பழைய ‘கட்டர்’ செட்டுக்கு முற்பணம் கொடுக்க முன்

கேள்வி: எங்கள் விளையாட்டுக் கழகம் கொடிகாமத்துக்கு அருகே, ஏ9 வீதியோரம் இருக்கிறது. அண்மையில் ஒரு விடியற்காலை ஹயஸ் வான் ஒன்று மரத்தோடு மோதி, சாரதியின் கால் உள்ளே மாட்டிக்கொண்டது. பெடியள் அலவாங்கும் உழவு இயந்திரமும் வைத்து ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போராடித்தான் அவரை வெளியே எடுத்தார்கள். இதைக் கேள்விப்பட்ட கனடா ஊர்ச் சங்கம், வாகனத்தை வெட்டி ஆட்களை எடுக்கும் கருவி வாங்கப் பணம் தருவதாகச் சொல்கிறது. கொழும்பில் ஒருவர், வெளிநாட்டுத் தீயணைப்புப் படை பாவித்த முழு செட்டையும் எடுத்துத் தருகிறேன், அரைவாசி முற்பணம் வேண்டும், நாளைக்குப் பதில் சொல்லுங்கள் என்கிறார். வாங்கலாமா ஐயா? எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: தம்பி, முற்பணம் கொடுக்க வேண்டாம். கருவியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உங்கள் வீதிக்கு அது தேவை. ஆனால் அந்த ஆள் விற்க நினைக்கும் சாமான் உங்களுக்கு உதவுமா என்று அவருக்கே தெரியாது. நான் வளைகுடா நாடொன்றில் விமான நிலையத் தீயணைப்புப் பிரிவில் பதினொரு வருடம் இந்தக் கருவிகளோடு நின்றவன். இப்போது ஊரில் ஹைட்ரோலிக் திருத்துகிறேன். இப்படிக் கைமாறி வந்த பழைய செட்டுகள் ஆறேழு என் மேசைக்கு வந்திருக்கின்றன. அவற்றில் இரண்டுதான் முழுதாக வேலை செய்தன.

கருவி எப்படி வேலை செய்கிறது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு பம்ப், அதிலிருந்து ஹோஸ், ஹோஸின் நுனியில் கருவி. வெட்டுவதற்குக் கட்டர், நசுங்கிய கதவை விரித்துப் பிரிப்பதற்கு ஸ்பிரெடர், டாஷ்போர்டைத் தள்ளி நிமிர்த்துவதற்கு ராம். இரும்பை வெட்டும் பலம் ஒயிலின் அழுத்தத்தில் இருக்கிறது. இன்று பாவனையில் இருக்கும் பெரும்பாலான செட்டுகள் 700 பார் (அழுத்தத்தை அளக்கும் அளவை) அளவில் ஓடுகின்றன. உங்கள் கார் ரயரில் இருப்பது இரண்டு பாருக்குக் கொஞ்சம் மேல். அதைப்போல முந்நூறு மடங்கு அழுத்தம் ஒரு விரல் தடிப்பு ஹோஸுக்குள் ஓடுகிறது என்று நினைத்துப் பாருங்கள். ஊசித்துளை அளவில் ஒரு வெடிப்பு இருந்தாலும் ஒயில் தோலைத் துளைத்துக் கைக்குள் போகும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும். உடனே சத்திர சிகிச்சை செய்யாவிட்டால் விரலோ கையோ போய்விடும்.

அதனால்தான் ஹோஸுக்கு வயது பார்க்கிறார்கள். பத்து வருடத்துக்கு மேற்பட்ட ஹோஸை மாற்றச் சொல்வது தயாரிப்பாளர்களின் வழக்கம். வெளிநாட்டுப் படைகள் ஒரு செட்டைக் கழிப்பதற்கு இது ஒரு பெரிய காரணம். தரகர் உங்களுக்கு அனுப்பும் படங்களைப் பாருங்கள். சிவப்பு நிறத்தில் பளபளக்கும் கட்டர் இருக்கும், பம்ப் இருக்கும். ஹோஸில் அச்சடித்த திகதி மட்டும் எந்தப் படத்திலும் தெரியாது.

அடுத்த சிக்கல், கலவை செட். கட்டர் ஒரு கொம்பனி, பம்ப் இன்னொரு கொம்பனி, நடுவில் ஹோஸ் மூன்றாவது கொம்பனி. மூன்று இடத்தில் மூன்று ஏலத்தில் எடுத்து ஒரு பெட்டியில் போட்டு ‘முழு செட்’ என்று விற்கிறார்கள். இந்தக் கருவியை உலகத்துக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் ஜோர்ஜ் ஹேர்ஸ்ட். கார்ப் பந்தயத்தில் மோதிய காரில் இருந்து சாரதியை எடுக்கப் பட்ட பாட்டைப் பார்த்துத்தான் அவர் இதில் இறங்கினார். அவருடைய கொம்பனியின் பழைய செட்டுகள் 350 பார் அளவில், எளிதில் தீப்பிடிக்காத செயற்கைத் திரவத்தில் ஓடியவை. ஐரோப்பியச் செட்டுகளில் 700 பார், சாதாரண கனிம ஒயில். ஒன்றின் திரவத்தை மற்றதில் ஊற்றினால் உள்ளே இருக்கும் சீல்கள் ஊதிக் கெட்டுப்போகும். ஹோஸையும் கருவியையும் இணைக்கும் கப்ளிங்கும் பொருந்தாது. பொருந்தாத கப்ளிங்கை லேத் பட்டறையில் கடைந்து பொருத்திக் கொடுத்த ஒரு செட்டை நான் பார்த்தேன். வாங்கியவர் அதைச் சிறப்பு என்று காட்டினார். கொண்டுபோய் மூலையில் வையுங்கள், யாரையும் தொட விடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

கட்டிடக்காரர் கம்பி வெட்டும் ஹைட்ரோலிக் கட்டரை மீட்புக் கட்டர் என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். தாடையின் அகலத்தைப் பாருங்கள். கம்பி வெட்டும் கட்டரில் பெருவிரல் தடிப்புக் கம்பிதான் நுழையும். காரின் முன் கதவுக்கும் பின் கதவுக்கும் இடையில் நிற்கும் நடுத்தூண் கை மணிக்கட்டைவிடத் தடிப்பு. மீட்புக் கருவியில் ஈஎன் 13204 என்ற ஐரோப்பிய நியமமோ என்எப்பிஏ 1936 என்ற அமெரிக்க நியமமோ தகட்டில் பொறித்திருக்கும். தகடு இல்லை, கழன்றுவிட்டது என்றால் பேச்சை அத்தோடு நிறுத்துங்கள்.

பழைய கட்டரில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. டொல்பின் வானையும் பழைய கொரோலாவையும் அது பப்பாளிக்காய் மாதிரி வெட்டும். புதிய கார்களின் நடுத்தூணில் போரோன் கலந்த உருக்கு வைக்கிறார்கள். சாதாரணத் தகட்டைவிட நாலைந்து மடங்கு உறுதி. பழைய கட்டரின் வெட்டும் அலகு அதில் வழுக்கும், அல்லது உடைந்து தெறிக்கும். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் திறந்துவிட்டது. இனி உங்கள் வீதியில் ஓடப்போவது அந்தப் புதிய உடம்புகள்தான்.

பழையது எதையும் வாங்கக்கூடாது என்றால் அதுவும் பிழை. ஒரே ஒரு வகையைப் பாவித்ததாக வாங்கலாம். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்களைப் போன்ற கழகத்துக்கு அதுதான் சரி. கையால் அடிக்கும் பம்ப் உடம்போடு சேர்ந்தே இருக்கும் ஒற்றைக் கருவி இருக்கிறது. வெட்டும், விரிக்கும், இரண்டும் ஒரே தாடையில். பத்துக் கிலோ அளவு நிறை. வெளி ஹோஸ் இல்லை, கப்ளிங் இல்லை, பெற்றோல் இயந்திரம் இல்லை. அதனால் நான் மேலே சொன்ன சிக்கல்களில் முக்கால்வாசி இதில் இல்லை. மெதுவாகத்தான் வேலை செய்யும், கை வலிக்கும், புதிய காரின் நடுத்தூணை வெட்டாது. ஆனால் கதவுப் பிணைச்சலைப் பிரிக்கும், இருக்கைச் சட்டத்தை வெட்டும், பெடலை வெட்டும். வாங்கும்போது மூன்று விடயம் பாருங்கள். தாடையை முழுதாக விரித்து வைத்துவிட்டுப் பத்து நிமிடம் விடுங்கள், தானாக மூடிக்கொண்டு வந்தால் உள்ளே சீல் போய்விட்டது. அலகின் ஓரத்தை நகத்தால் தடவுங்கள், பல் விழுந்திருந்தால் நகம் தடக்கும். பிஸ்டன் தண்டைப் பழைய பனியனால் துடையுங்கள், துணியில் ஒயில் பிடித்தால் விடுங்கள். பிறகு விற்பவரையும் கூட்டிக்கொண்டு ஒரு பழைய இரும்புக் கடைக்குப் போய், கிடக்கும் காரின் கதவில் வைத்துப் பாருங்கள். கதவு திறந்தால் காசு. திறக்க முன் ஒரு சதமும் இல்லை. அரைவாசி முற்பணம் கேட்பவர் இதற்குச் சம்மதிக்க மாட்டார். சம்மதிப்பவர் கிடைத்தால் விலையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாவது வாங்குங்கள்.

சரி, அந்தச் சாரதிக்கு வருவோம். கால் மாட்டியது என்று எழுதியிருக்கிறீர்கள். எதில்? ஹயஸில் சாரதி முன் சில்லுக்கு மேலேயே இருக்கிறார், முன்னால் அடி விழுந்தால் நேரே காலுக்கு வரும். பெரும்பாலும் பிரேக் பெடலும் அதன் பின்தகடும் பாதத்தைக் கவ்விப் பிடிக்கும். இருக்கையைப் பின்னுக்குத் தள்ளிப் பார்த்தார்களா? ஹயஸில் கொஞ்சம்தான் போகும், சில வேளை அந்தக் கொஞ்சமே போதும். மற்றக் கதவுகளைக் கையால் திறந்து பார்த்தார்களா? ஒரு விபத்தில் நாலு பேர் சாரதிப் பக்கக் கதவோடு இழுபறிப்பட்டுக்கொண்டு நின்றார்கள். மறு பக்கத்துக் கதவு பூட்டுக்கூடப் போடாமல் இருந்தது.

பெடலுக்கு ஒரு வழி இருக்கிறது. லொறியில் சாமான் கட்டும் நாடா ஒன்று எடுத்து, பெடலின் தண்டில் ஒரு சுற்றுப் போடுங்கள். கதவைப் பாதி மூடிய நிலையில் மறு நுனியைக் கதவின் கண்ணாடிச் சட்டத்தில் தொய்வில்லாமல் கட்டுங்கள். அப்புறம் கதவை மெதுவாக வெளியே தள்ளித் திறவுங்கள். கதவுதான் நெம்புகோல். பெடல் பக்கவாட்டில் வளைந்து பாதத்தை விடும். ஒருவர் கீழே குனிந்து ரோர்ச் அடித்துப் பாதத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பெடல் வளையும் பக்கத்திலேயே பாதம் இருந்தால் இதைச் செய்யக்கூடாது. நாடாவுக்கு நீங்கள் கனடாவில் காசு கேட்கத் தேவையில்லை.

உழவு இயந்திரத்தை மட்டும் தயவுசெய்து கொண்டுவர வேண்டாம். இதை நான் எத்தனை கூட்டத்தில் சொல்லிவிட்டேன்! கயிறு கட்டி இழுத்தால் தகரம் மட்டும் அசைவதில்லை, உள்ளே மாட்டியவரும் சேர்ந்து அசைகிறார். முறிந்த எலும்பு நரம்பை வெட்டுவது அந்த நேரத்தில்தான். ஸ்டியரிங்கில் செயின் போட்டு முன்னுக்கு இழுப்பது வெளிநாட்டிலும் ஒரு காலம் செய்ததுதான். இன்றைய ஸ்டியரிங் தண்டு மூட்டுகளால் ஆனது. மூட்டு கழன்றால் முழுத் தண்டும் சாரதியின் நெஞ்சுக்கு வரும் என்று கண்ட பிறகு அதைக் கைவிட்டார்கள். இரும்பு வெட்டும் கிரைண்டரும் வேண்டாம். நிலத்தில் பெற்றோல் சிந்தியிருக்கும், நெருப்புப் பொறி ஒன்று போதும்.

கனடாக் காசில் முதலில் வாங்க வேண்டியது மரக்கட்டைகள். நாலங்குலம் நாலங்குலம், ஒன்றரை அடி நீளம், முப்பது நாற்பது துண்டு. அதோடு ஆப்புக் கட்டைகள். வெட்டத் தொடங்க முன் வாகனம் அசையாமல் இருக்க வேண்டும், அதற்குத்தான் இவை. மென்மரமாக எடுங்கள். மென்மரம் பாரம் தாங்காதபோது நசிந்து, முனகிக் காட்டிவிட்டுத்தான் போகும். வைரம் பாய்ந்த மரம் சொல்லாமல் பிளக்கும். அதனால் பனஞ்சிலாகை மலிவாகக் கிடைக்கிறது என்று அதை அறுக்க வேண்டாம். பிறகு சீற் பெல்ட் வெட்டும் கத்தி, பக்கக் கண்ணாடி உடைக்கும் ஸ்பிரிங் ஊசி, தடித்த கையுறை, கண்ணுக்குப் போடும் பாதுகாப்புக் கண்ணாடி, தலைக்கவசம், கம்பளி, தூள் தீயணைப்பான். ஊசியைக் கண்ணாடியின் கீழ் மூலையில் வைத்து அழுத்துங்கள். முன் கண்ணாடி அப்படி உடையாது, நடுவில் பிளாஸ்டிக் தாள் ஒட்டியது, அதை வாளால்தான் அறுக்க வேண்டும்.

பிரியஸ், அக்குவா, வெசல் போன்ற ஹைபிரிட் கார் என்றால் சத்தம் இல்லை என்பதற்காக அணைந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அணைத்து, திறப்பைத் தூரக் கொண்டுபோய், 12 வோல்ட் பற்றரியின் மைனஸ் வயரைக் கழற்றுங்கள். செம்மஞ்சள் நிற வயரில் யாரும் கை வைக்கக்கூடாது. காற்றுப்பை விரியாமல் இருந்தால் அதற்கும் ஆளுக்கும் நடுவில் தலையை நீட்டாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் தொலைபேசி. 1990 அம்புலன்ஸ் சேவை 2018 ஜூலையில் இருந்து யாழ்ப்பாணத்திலும் இருக்கிறது, 119இல் பொலிஸ். அம்புலன்ஸில் வருபவர்கள் உயிரைப் பிடித்து வைத்திருக்கப் பயின்றவர்கள், தகரம் வெட்டுவது அவர்கள் வேலை இல்லை. தீயணைப்புச் சேவையோ இந்த நாட்டில் உள்ளூராட்சி சபைகளின் கையில். ஒரு சபைக்கு இருக்கும், பக்கத்துச் சபைக்கு இராது. விபத்து எல்லை பார்த்து நடப்பதில்லை என்று எத்தனை முறை எழுதுவது? ஒரு அலுவலகத்தில் நல்ல புதிய செட் ஒன்றைக் கண்ணால் கண்டேன். கையளித்த அன்று படம் எடுத்தார்கள், அதன்பின் களஞ்சிய அறைக்குள் வைத்துப் பூட்டினார்கள். பொலித்தீன் உறைகூடப் பிரிக்கவில்லை, பம்பில் இருந்த பெற்றோல் பிசினாக உறைந்துவிட்டது. திறப்பு வைத்திருப்பவர் நாலே காலுக்கு வீட்டுக்குப் போகிறார். திருத்த ஒரு சதம் ஒதுக்கவில்லை, பழக்க ஒருவரும் இல்லை. அந்தக் கருவி ஒரு உயிரைக்கூடத் தொடவில்லை என்பதை நினைக்க எனக்கு வயிறு எரிகிறது.

உங்கள் கழகத்திலும் அதுவே நடக்கக்கூடாது. ஆகவே காசில் ஒரு பங்கைப் பழக்கத்துக்கு ஒதுக்குங்கள். எட்டுப் பேர், மாதம் ஒரு ஞாயிறு, ஒரு கழிவு வாகனம். தீயணைப்புப் படையில் பொறுப்பானவரைச் சந்தித்து, உங்கள் பெடியளைச் சேர்த்துப் பழக்க முடியுமா என்று கடிதம் கொடுங்கள். திறப்பு வீதியோரம் குடியிருக்கும் இரண்டு பேரிடம் இருக்கட்டும்.

தரகருக்கு நாளைக்குப் பதில் சொல்ல வேண்டும் என்கிறீர்கள். கருவித் தகட்டின் படம், ஹோஸில் திகதி அச்சடித்த இடத்தின் படம், பம்பில் என்ன ஒயில் என்று எழுதிய இடத்தின் படம், மூன்றையும் இன்று இரவே அனுப்பச் சொல்லுங்கள். நன்கொடைப் பொருள் என்பதற்காகச் சுங்கம் தானாக விட்டுவிடாது, தீர்வையை யார் கட்டுவது என்பதையும் எழுத்தில் கேளுங்கள். வந்தால் படங்களை எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.